முன்பக்கத் துளைகளை நம்பாதே

கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள்.
கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை
மானிட்டரும் பசை டப்பாவும் சேர்ந்து நடுங்கும்.
மணி பதினொன்று இருபது.
டெல்லிபாபு பென் டிரைவை நீட்டினார்,
சாவிக்கொத்தில் கோத்தபடியே.
"போட்டோ இதுலதான் கீதும்மா.
காலைல எட்டுக்கு எடுக்கறோம்.
பத்துக்கு ஆறு, ரெண்டு பேனர்."

செருகினேன்.
டிங் என்று ஏறி
டொங் என்று இறங்கியது சத்தம்.
மூலையில் ஒரு கட்டம்:
யுஎஸ்பி சாதனம்
அடையாளம் தெரியவில்லை.

நான் வாய்விட்டுப் படித்திருக்கக் கூடாது.
"இதையேதான் ஸ்டான்லியிலயும்
எழுதி வெச்சிருந்தாங்க" என்றார்.
"மூணு நாளு. நம்பர் போட்டு."
பிறகு தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

என் கைக்குத் தெரிந்ததைக் கை செய்தது.
பிடுங்கு, திருப்பு, செருகு.
முதலில் வைத்த பக்கம் தப்பு, அடுத்த பக்கமும் தப்பு,
மூன்றாவதாக முதல் பக்கமே சரி.
எட்டு வருஷமாக இந்தக் கணக்கு
எனக்குப் புரிந்ததில்லை.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம்.
அழித்தேன். ஆஃப் செய்தேன்.
பிளக்கையும் பிடுங்கிவிட்டு
பவர் பட்டனை முப்பது எண்ணும்வரை அழுத்தி
உள்ளே தங்கிய மின்சாரத்தை வடித்தேன்.
மறுபடி டிங். மறுபடி டொங்.

"லைட்டு எரியுதே?"
"எரியும் அண்ணே.
உள்ள நாலு தகடு.
ஓரத்துல ரெண்டு கரண்டுக்கு,
நடுவுல ரெண்டு பேச்சுக்கு.
கரண்டு வருது. பேச்சு வரல."
டியூட்டி டாக்டர் எதிரில் நிற்பவர்போல
மெதுவாகத் தலையாட்டினார்.

இங்கே எதுதான் துருப்பிடிக்காது.
காசிமேட்டு உப்பு ஒரு பக்கம்,
ராத்திரியில் மணலியிலிருந்து வரும் வாடை ஒரு பக்கம்,
போன தீபாவளிக்கு வாங்கிய கத்தரிக்கோலே
கீச்சுக் கீச்சு என்கிறது.
ஸ்கூல் ரப்பரால் தகடுகளைத் தேய்த்தேன்,
கருப்பாக உதிர்ந்தது.
தீக்குச்சியில் பஞ்சு, பஞ்சில் ஸ்பிரிட்.
வாயால் ஊதவில்லை,
வாய்க்காற்றிலும் ஈரம் இருக்கிறது.

அப்புறம்தான் மேசைக்கு அடியில் புகுந்தேன்.
கொசுவத்திச் சாம்பல், காலி கார்ட்ரிட்ஜ், ஒரு பல்லி.
சிபியூவின் முதுகில்
கீபோர்டு வயருக்குப் பக்கத்தில்
யாரும் தொடாத துளை ஒன்று.
முன்பக்கத்தில் இருப்பவை
வருகிறவர் போகிறவர் எல்லாம் குத்தித் தளர்ந்தவை.
போர்டுக்கு நேராகப் போவது பின்பக்கம்தான்.
இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

டிங்.
டொங் வரவில்லை.
மேலே அவர் மூச்சு விட்டது கேட்டது.

ஸ்கேன் செய்து சரிபண்ணட்டுமா என்றது கணினி.
வேண்டாம் என்றேன்.
கானாப் பாட்டு நாற்பது,
ஆட்டோ எஃப்.சி. பேப்பர்,
ஒரே ஒரு போட்டோ.
கேரம் கோப்பையோடு, வெயிலுக்குக் கண் சுருக்கி
கோதண்டம்.
தோளில் யாரோ ஒருவரின் கை,
செம்புக் காப்பு போட்ட கை.

"அந்தக் கைய எடுத்துடும்மா."
என் மவுஸுக்குப் பக்கத்தில்
மேசையை ஊன்றியிருந்தது அதே காப்பு.

சட்டை நிறத்தை எடுத்துப் பூசினேன்.
நாலு விரலும் போயின.
கட்டைவிரல் அழுத்திய இடத்தில்
காலர் மடிந்திருந்தது, அது போகவில்லை,
அல்லது நான் விட்டுவிட்டேன்.

இவண் என்று போட்டு
யார் யார் பேர் என்று கேட்டேன்.
யோசித்தார்.
"கேரம் ஜோடின்னு மட்டும் போடு.
ஆறரைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

நான் எஜெக்ட் அழுத்துமுன்
குனிந்து பின்பக்கம் தடவி
வெடுக்கென்று உருவிக்கொண்டார்.
"அண்ணே, அப்படிப் பிடுங்கக் கூடாது."
"தெரியும்மா" என்றார்.